ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால் வேறு வரைபடம்

கடந்த பெப்ரவரியில் நான் சூரிச்சிலிருந்து ரொறன்ரோவுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த குணம், யூனியன்வில்லில் தன் வீட்டிலேயே புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் கிடந்தான். அஜின்கோர்ட்டில் தங்கை வீட்டில் போய் இறங்கினேன். அன்றிரவு முழுக்கப் பனி கொட்டியது. காலை ஏழரைக்குக் குணத்தின் மனைவி மாலா தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, டொக்டர் இண்டைக்குத் தாண்டாது எண்டு சொல்லிப்போட்டார். இவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கெதியா வாங்கோ."

தூரம் பத்துக் கிலோமீற்றர்தான். சாதாரண நாளில் இருபது நிமிடம். நானும் பனி நாட்டுக்காரன் என்ற மிதப்பு வேறு. எந்த வீதியில் பனி வழித்தாயிற்று என்று குடிமக்களுக்குக் காட்ட நகரசபை இணையத்தில் வைத்திருக்கும் வரைபடத்தைத் திறந்தேன். வீதிகள் பச்சையாக இருந்தன, அதாவது வழித்தாயிற்று. ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மட்டும் ஒரு கோடும் இல்லை. அங்கே பிரச்சினையே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். வெளியூரில் இருக்கும் நமக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரமும் ரொறன்ரோ, அதற்குள் இருக்கும் யூனியன்வில்லும் ரொறன்ரோ! வழி திறந்துதானே கிடக்கிறது என்று ஆறுதலாகக் குளித்தேன், இடியப்பம் சாப்பிட்டேன், தேநீரும் குடித்தேன். டாக்சியில் ஏறும்போது மணி 9.40.

சாரதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கைபேசியில் அந்த வரைபடத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"அண்ணை, உது ரொறன்ரோ மப். ஸ்டீல்ஸோட முடிஞ்சுபோம். அங்கால மார்க்கம், அவையின்ர மப் வேற."

"அப்ப அந்தப் பக்கம் வழிக்கேல்லையோ, தம்பி?"

"பெரிய றோட்டு ஓடலாம். உள் றோட்டுகளுக்குக் கடைசியாத்தான் வருவினம்."

அவர் சொன்னபடியே நடந்தது. கென்னடி வீதியில் ஊர்ந்தாவது போனோம். 10.25க்குக் குணத்தின் தெருமுனையில் வண்டி நின்றது. தெரு முழங்காலளவு பனியில் மூடிக் கிடந்தது. நாற்பத்திரண்டு டொலர் கொடுத்து இறங்கி, மிச்ச எழுநூறு மீற்றரையும் நடந்தேன். வாசலை அடையும்போது 11.05. கதவு தள்ளியதும் திறந்தது.

குணம் 10.50க்குப் போயிருந்தான்.

"எங்கட றோட்டு இன்னும் வழிக்கேல்லை எண்டு மப்பைப் பாத்து இவரிட்டச் சொன்னனான், அண்ணை," என்றாள் மாலா. "'அப்ப அவன் நடந்துதான் வருவான், கதவைப் பூட்டிப்போடாதை' எண்டவர். பிறகு கதைக்கேல்லை."

அவன் கையைப் பிடித்தேன். சூடு இருந்தது. அழுதேன்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ரொறன்ரோ வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். மார்க்கத்துக்குத் தனி வரைபடம் உண்டு. அங்கே பெரிய வீதிகள் பிராந்திய நிர்வாகத்தின் பொறுப்பு, குடியிருப்புத் தெருக்கள் நகரசபையின் பொறுப்பு. இரண்டு அறிவிப்பையும் பாருங்கள். போகும் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து, தெரு எப்படி என்று கேளுங்கள். முழங்கால் வரை சப்பாத்து கட்டாயம். அஜின்கோர்ட்டிலிருந்து யூனியன்வில்லுக்கு ரயிலும் ஓடுகிறது. அதன் நேரத்தையும் பார்த்து வையுங்கள்.

பனிதான் என்னைப் பிந்தவைத்தது என்று மாலா நம்புகிறாள். செத்த வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அவள் நான் எழுதும் இந்தப் பயணப் பதிவுகளைத் தவறாமல் வாசிப்பவள். குளித்ததையும் சாப்பிட்டதையும் அதற்காகவே மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.