கடைசி முனைக்கு வராத வெளிச்சம்

கண்ணால் பார்க்காத கண்ணாடி இழைக்குள், போகப் போக மங்கும் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் கணக்கில் பெருக்கிக் காட்டுவதுதான் எண்பதுகளின் கடைசியில் என் ஆராய்ச்சி. டெலிபோன் குரல் அந்த வெளிச்சத்தில் ஏறிக் கடல் தாண்டிப் போகுமாம். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முறைக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏ.சி. அறை

திருச்சியில் எங்கள் கல்லூரிக்கே ஒரே ஏ.சி. அறை, அதுவும் கம்ப்யூட்டருக்காக. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். புரோகிராமை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒருநாள் எரிச்சலில் மேஜையைத் தட்டினேன். என் கணவர் கல்யாணமான கையோடு மஸ்கட்டுக்குப் போனவர் என்பது ஆபரேட்டர் ராஜாமணிக்குத் தெரியும்.

"காத்திருக்கிறது உங்களுக்குப் புதுசா மேடம்? உக்காருங்க, கரண்ட்டாவது வந்துடும்."

போன் வரிசை

எங்கள் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டு மாமியின் கூடத்தில் மஸ்கட் போனுக்காகக் குடும்பமே காத்திருப்போம். மணி அடித்தால் வயசு வரிசைப்படிதான் பேச வேண்டும்: மாமியார், நாத்தனார், மச்சினன், கடைசியில் நான். 'என் ஞாபகம் இருக்கா?' என்று அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க எனக்கு அப்படி ஓர் ஏக்கம். என் கைக்கு வரும்போது லைன் போயிருக்கும். ஒருநாள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற என்னை எதிர்வீட்டு மாமி தேற்றினாள்.

"பேசாட்டா என்னடி, ரிசீவரைத் தொட்டியே, அது போறும்."

பாதி வழியில்

இழையின் ஒரு முனையில் ஊக்க ஒளியைச் செலுத்தினால், செய்தி கொண்டுபோகும் ஒளி வலுக்க வேண்டும். என் கணக்கில் அது பாதி வழிவரை வலுத்தது; அப்புறம் இழையே அதை விழுங்கத் தொடங்கியது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "முன்பாதியே ஊக்கத்தையெல்லாம் தின்னுடுதும்மா. மறுமுனையிலேருந்தும் குடுத்துப் பாருங்க" என்றார். கொடுத்தேன், கடைசிவரை வலுத்தது.

சந்தோஷம் தாங்காமல், வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் அதைச் சொன்னேன். அரிவாள்மணையில் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்னாடி நிக்கறவாளே எல்லாத்தையும் எடுத்துண்டா கடைசியில நிக்கறவளுக்கு என்ன மிஞ்சும்? இதைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டராடி!"

அந்த வெள்ளிக்கிழமை

மணி அடித்தது. மாமியார் ரிசீவரை எடுத்து நேராக என் கையில் திணித்தார். நாத்தனார் வாயைப் பிளந்தாள். காதில் வைத்தேன். வழக்கம்போல முதலில் அம்மாதான் என்று நினைத்து, என் கணவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, சௌக்கியமா? அவ பக்கத்துல நிக்கறாளா? ஒவ்வொரு தடவையும் கேக்கறேனே, இன்னிக்காவது லைன் போறதுக்குள்ள அவகிட்ட குடும்மா. அவ குரலைக் கேக்கணும் போல இருக்கு."

குரலைக் கடல் தாண்டி அனுப்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதல் ஆளாக ரிசீவர் கிடைத்த அன்று, தொண்டையைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.