கீழேயும் ஆட்டம் உண்டு என்றவர்

அடுத்த ஆண்டுக் காலண்டரின் முகூர்த்த நாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பு எங்களோடு ஹாக்கி ஆடிய சித்ராவிடமிருந்து போன் வந்தது. "யக்கா, பேச்சி அக்கா போயிருச்சு" என்றாள். "எங்க?" என்று கேட்டேன். மஞ்சள்காமாலை தணிந்துவிட்டது, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டொரு நாளில் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம் என்று அவருடைய கணவர் சொல்லியிருந்ததால், எங்கோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றே நினைத்தேன். மறுமுனையில் சித்ரா அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

பேச்சியம்மாளோடு மைதானத்தில் நின்றவர்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். மீதியை அவர் எல்லாரிடமும் சொன்னதில்லை.

சிவகாசியில் நான் பிழை திருத்துபவளாக வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில், காலண்டர் தாள்களின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஹாக்கி ஆடியவர். கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைப் பரணில் போட்டிருந்தார். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் சில வாரம் மூடிக் கிடக்கும்போது, ஆனைக்குட்டம் பக்கத்துப் பொட்டலில் வேலைக்காரப் பெண்களுக்கென்று ஒரு ஹாக்கிப் போட்டி நடக்கும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று கம்பெனிக்கு ஓர் அணி. அதற்காகத்தான் மட்டையை இறக்கினார். உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை கோல் கீப்பராக நிறுத்தினார். "பந்தைக் கண்டா பயப்படாத வசந்தி, பந்துக்குத்தான் ஒன்னியக் கண்டா பயம் வரணும்" என்பார். எனக்குக் கடைசிவரை பயம் போகவில்லை. ஆனால் நின்றேன்.

அப்போதெல்லாம் தோற்றால் வெளியே போய்விட வேண்டும். முதல் நாளே ஆனைக்குட்டம் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பெரிய அணியிடம் மாட்டி, கோல் மேல் கோல் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேனில் ஏறிவிடுவார்கள். அந்த வேனை ஓட்டியவர் பேச்சி அக்காவின் கணவர் கருப்பசாமி. வழியெல்லாம் ஒரு பிள்ளையும் பேசாது என்று வீட்டில் வந்து சொல்வாராம்.

ஒரு சீசனில் சென்னை ஏஜென்ட் மூலமாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. தாளுக்குத் தாள் பெண்கள் ஆடும் ஐஸ் ஹாக்கிப் படங்கள். தலைக்கவசமும் திண்டு திண்டான உடுப்பும் சறுக்குக் கத்தி வைத்த பூட்ஸுமாக இருந்தார்கள். தகரம் அடிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஐஸ் மேல ஹாக்கியா? நமக்கு ஐஸ் வண்டிக்காரர்கிட்டதான ஐஸ் இருக்கு" என்று சித்ரா சிரித்தாள். பேச்சி அக்கா சிரிக்கவில்லை. கடைசித் தாளில் நாடுகளின் பெயர்களைத் தட்டுத் தட்டாக அச்சிட்டு, நடுநடுவே அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"வசந்தி, இங்கன வாயேன். இந்த அம்பு எதுக்குக் கீள பாக்குது?"

நான் வாசித்துச் சொன்னேன். உலகப் போட்டியே பல பிரிவாக நடக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் பலத்துக்கு ஒத்த நாடுகளோடு ஆடும். மேல் பிரிவில் கடைசியாக வரும் நாடு அடுத்த முறை கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும். கீழ்ப் பிரிவில் முதலாக வரும் நாடு மேலே ஏறும்.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்புட்டுப் பெரிய போட்டியிலயும் தோத்தவுகள வீட்டுக்கு அனுப்பல பாத்தியா? கீளதான் அனுப்புறாக. கீளயும் ஆட்டம் இருக்கு" என்றார்.

கம்பெனிக்காரர்கள் கூடிய கூட்டத்தில், நம் போட்டியையும் இப்படிப் பிரிக்கலாம் என்று அவரே எழுந்து சொன்னார். எங்கள் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். அக்கா சொன்னது அவருக்குச் சங்கடமாக இருந்தது. "நம்ம டீமே கீள போயிட்டா என்ன செய்வ?" என்று கேட்டார். "போவோம் அண்ணாச்சி. அங்கன ஜெயிச்சுட்டு மேல வருவோம்" என்றார் அக்கா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வருடமே அணிகளை இரண்டு பிரிவாக்கிவிட்டார்கள்.

மறக்க முடியாத வருடம் அது. ஆனைக்குட்டம் பெண்கள் தங்களுக்கு ஒத்த அணிகளோடு ஆடினார்கள். முதலில் ஒரு கோல் போட்டார்கள். பிறகு ஓர் ஆட்டத்தை ஜெயித்தார்கள். கடைசியில் கீழ்ப் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்தார்கள். யாரோ சரவெடி கொளுத்தப் போனபோது அவர்களுடைய கேப்டன் கத்தினாள்: "வேண்டாம்யா, வருசம் பூரா அதுலதான் கெடக்கோம். லட்டு இருந்தாக் குடுங்க!" அன்றைக்கு வேனில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று கருப்பசாமி அண்ணன் இழவு வீட்டில்கூடச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. மேல் பிரிவின் கடைசி ஆட்டத்தில் மல்லாங்கிணறு தீப்பெட்டிக் கம்பெனி அணியோடு மோதினோம். சமன் செய்தாலே நாங்கள் மேலே தங்கிவிடலாம். ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து என்னைத் தாண்டிப் போனது. கோல் கோட்டில் நின்ற பேச்சி அக்கா அதை நிறுத்தி வெளியே தள்ளினார். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். நடுவர் விசில் ஊதவில்லை. முட்டி மோதிய ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்ற அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அக்கா கையைத் தூக்கினார். "சார், மட்டையில படல. எங் காலுல பட்டுச்சு."

ஹாக்கியில் கோல் கீப்பரைத் தவிர வேறு யாரும் பந்தைக் காலால் நிறுத்தக் கூடாது. நடுவர் திகைத்துப்போய் இன்னொரு தடவை கேட்டார். அக்கா அதையே சொன்னார். கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருத்தி பந்தை அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கை எதிரணிக்குக் கொடுத்தார்கள். பந்து ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் விழுந்தேன். நாங்கள் கீழே போனோம்.

அதில் அதிகம் இழந்தவள் சித்ரா. எங்கள் அணியில் அவளைப் போல ஓடக்கூடியவள் யாருமில்லை. அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுப்பவர் அந்த வருடம் அவளைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் மேல் பிரிவு ஆட்டங்களுக்கு வருகிறேன், அப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரசு வேலை கிடைத்துவிடும் என்று நம்பியே அவள் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"அதுக்கென்ன, ஒரு வருசம் கீள ஆடுவோம், மறு வருசம் மேல வருவோம். அவரு அப்ப வந்து பாக்கட்டும்" என்றார் அக்கா. சித்ராவும் தலையாட்டினாள்.

ஆனால் கீழ்ப் பிரிவில் அணியை இறக்க அண்ணாச்சி மறுத்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்; ஷூ வாங்கித் தந்தவர், பயிற்சிக்கு நேரம் விட்டவர். "பேச்சி, நீ செஞ்சது நேர்மைதான், இல்லேங்கல. ஆனா கீள கெடக்குற டீமோட பனியன்ல நம்ம கம்பெனி பேரப் போட்டா நாலு பேரு சிரிப்பாக. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அக்கா மறுபடி மறுபடி போய்க் கேட்டார். அதே பதில்தான் வந்தது.

வேறு வழி தெரியாமல் சித்ராவை ஆனைக்குட்டம் அணியில் சேர்க்கப் பார்த்தார். அந்தந்தக் கம்பெனியில் வேலை செய்பவர்தான் அந்தந்த அணிக்கு ஆடலாம் என்பது விதி. "அப்ப அங்கனயே வேலைக்குச் சேந்துருத்தா. சேந்தா ஆடலாம்" என்று அக்காதான் சொன்னார். சித்ரா அச்சக வேலையை விட்டுப் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தாள். அடுத்த தீபாவளி முடிந்ததும், கீழே போன இன்னோர் அணியும் வராமல் நின்றுவிட்டது. இரண்டே அணிகளை வைத்துக்கொண்டு கீழ்ப் பிரிவு எப்படி நடக்கும்? அதைக் கலைத்தார்கள். மேலே இருந்த கம்பெனிகளுக்கும் ஆர்வம் குறைந்துபோக, அந்த வருடமே போட்டி நடக்காமல் நின்றுபோனது. ஆள் எடுப்பவர் வரவே இல்லை. சித்ரா இன்றும் பட்டாசு மருந்து கலக்கும் அறையில்தான் வேலை செய்கிறாள்.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்: "நான் கையத் தூக்கியிருக்கக் கூடாதோ வசந்தி?"

"நீங்க செஞ்சது சரிதான்க்கா" என்றேன்.

"சரின்னா எல்லாரும் ஏன் ஆடாம வீட்டுல இருக்கீக?" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து என்று யாராவது சொன்னால், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் எழுந்துவிடுவார். சித்ராவின் வேன் வந்து சேர்ந்துவிட்டதா என்று அதை ஓட்டும் தன் புருஷனுக்குப் போன் போட்ட பிறகுதான் உட்காருவார்.

இழவு வீட்டில் சித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைவிரல்களில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து கழுவப்படாமல் இருந்தது. "எனக்கு அவுக மேல கோவம் இருந்துச்சுக்கா. ரெண்டு வருசம் பேசல. பெறகு போயிருச்சு. போயிருச்சுன்னு சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். சொல்லியிருந்தால் அக்கா கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பார். மல்லாங்கிணற்றிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அந்த ஸ்ட்ரோக்கை அடித்தவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லி சித்ராதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

அவர் செய்தது சரியா, தவறா என்று இப்போது நான் யோசிப்பதில்லை. கீழேயும் ஆட்டம் இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த ஆட்டத்தை நடத்த வேண்டிய நாங்கள் யாரும் அப்படி நம்பவில்லை. அவர் போன பிறகு என்னிடம் தங்கியிருப்பது, நாங்கள் தோற்ற அந்தச் சாயங்காலத்தின் ஒரு காட்சி. அழுது ஓய்ந்து எல்லாரும் வேனில் ஏறிவிட்டோம். அக்காவை மட்டும் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். கோலுக்கு முன்னால் குனிந்து, சரளைக் கற்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, இனிமே நமக்கென்ன?" என்று கத்தினேன்.

அவர் நிமிரவில்லை. "நாளைக்கு வேற பிள்ளைக ஆடணும்ல" என்றார்.