நான் போடாத திருத்தம்

பாலாற்று மணலில் கோல்ஃப் ஆடினார்கள் என்று சொன்னால் காஞ்சிபுரத்திலேயே பலர் நம்ப மாட்டார்கள். செவிலிமேட்டுக்குக் கீழே, முள்ளை வெட்டிச் சமப்படுத்திய ஆற்றோரத்தில், தறிக்காரர்களும் வங்கிக்காரர்களும் ஒரு டெய்லரும் ஞாயிறுதோறும் ஆடினார்கள். அதைப் பத்திரிகையில் எழுதியவன் நான் ஒருவன்தான். வாழ்நாள் முழுக்க எழுதினேன். அதற்காகப் போன வாரம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

குறைந்த அடியில் முடிப்பவருக்கே அந்த ஆட்டத்தில் வெற்றி. பல வருடங்களுக்கு முன், ஒரு போட்டியில் கடைசியாக ஆடிய நெசவாளர், முன்னிலையில் இருந்தவரைவிட ஓர் அடி குறைவாக முடித்ததை என் கண்ணால் பார்த்தேன். செய்திக் கவரைச் சென்னை பஸ்ஸில் கொடுத்தாக வேண்டும். ஸ்கோர் அட்டையில் கையெழுத்தாகும்வரை நிற்காமல் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு அவர், "முள்ள எடுக்கும்போது ரெண்டு தபா என் கை பட்டு பந்து நவுந்துச்சுபா. ரெண்டு அடி சேத்துக்கோ" என்று ஸ்கோர் எழுதியவரிடம் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கோப்பை மற்றவருக்குப் போனது. மறுநாள் பத்திரிகையில், நான் எழுதி அனுப்பியபடி, வெற்றி பெற்றவர் என்று நெசவாளர் பெயர் வந்தது.

நான் அவர் வீட்டில் அடிக்கடி காபி குடிப்பவன். அவரே சொல்லிப் போடவைத்ததாகத் தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள். "இன்னா சாம்பியன், கப்ப எந்தப் பொட்டில பூட்டி வெச்சுக்கினு கீறே?" டீக்கடையில் என் முன்னாலேயே அவரைக் கேட்டார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"ஒரு வரி போடுங்க சார், நான் சொல்லிப் போடலன்னு" என்று வந்து கேட்டார்.

"அடுத்த வாரம் போடறேன்" என்றேன்.

திருத்தம் எழுதினால், நான் முடிவுக்கு முன்பே கிளம்பியது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். நான்கு ஞாயிறு கேட்டார். பிறகு ஆட வருவதையே நிறுத்திவிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு முன்பு செவிலிமேட்டில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். படுத்த படுக்கையாக இருந்தார். பேசினாலே மூச்சு வாங்கியது. மேடையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"என்னைப் பேசினவங்க பாதிப் பேரு போயிட்டாங்க சார்." மூச்சை இழுத்துக்கொண்டு, "இருக்கறவங்களுக்காவது சொல்லுங்க. எங்க மாப்பிள்ளைய அனுப்பறேன். அவரு காதுல உழட்டும்" என்றார்.

எழுதி எடுத்துப் போனேன். மூன்று பேர் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளை இரண்டாவது வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் கைக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவருடைய மகள் போன் செய்தாள். "சார், அப்பா கேட்டுக்கினே இருக்காரு. நீங்க ஒண்ணும் சொல்லலன்னு இவரு சொல்றாரு. அப்பாகிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

"மைக் சரியில்லம்மா" என்றேன்.

"அப்ப நேர்ல வந்து நீங்களே சொல்லிடுங்க சார். மூச்சு இருக்கும்போதே வாங்க."

ஐந்து நாளாகிறது. தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போகிறேன். செவிலிமேட்டுப் பஸ் வந்து நிற்கிறது. அது கிளம்பிப் போனதும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன்.