அட்டை மறைத்தும் அடங்காத அலை

கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கூறாக்கி, அதில் ஒரு கூறை மறுபடியும் கோடி கூறாக்கினால் எவ்வளவோ, அவ்வளவு நேரமே வாழும் ஒளித்துடிப்பு. அதை அளக்கும் மின்னணுச் சில்லில் முடியினும் மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிறவள் அவள். ஆய்வுக்கூடத்தில் 'ஊசிக்கண் அக்கா'.

"வெளிச்சத்த அளக்கிற மகராசி! படிக்கட்டுல பல்பு எரியலன்னு ஒரு மாசமா கத்துறேன்" என்பான் கணவன். மூன்று வருடத்தில் நூற்றுப்பத்துச் சில்லுகள் செத்தன. நூற்றுப்பதினொன்றாவதில், போன மாதம், திரையில் அந்த ஒளித்துடிப்பின் அலை எழுந்தது. பேராசிரியர் குழந்தைபோல் தேம்பினார். அவளும்தான்.

இன்று மதியம் நிதி தரும் குழு சோதிக்க வருகிறது. அலை மெய்யென்றால் வேலை தொடரும். இல்லையென்றால் அறைக்குப் பூட்டு.

காலையில் ஆடியபடி ஒளியைத் திருப்பும் கண்ணாடியைத் துடைக்க, ஒளியின் வழியில் ஓர் அட்டையைச் செருகினாள். தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். ஒளியே இல்லை. அலை ஆடிக்கொண்டிருந்தது!

மறைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சந்தோஷத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"சார், அலை பொய். கண்ணாடிய ஆட்டுற ஒயரும் சில்லோட ஒயரும் ஒண்ணா கிடக்கு. அந்த ஆட்டம்தான் திரையில தெரியுது. பார்க்க அழகா இருக்கட்டும்னு சேர்த்துக் கட்டினது நான்தான், சார்."

பேராசிரியர் கதவைச் சாத்தினார். "இன்னிக்கு மட்டும் வாய மூடிக்கோம்மா. உன் காலப் பிடிச்சுக் கேட்கிறேன். மறைச்சுக் காட்டுன்னு அவங்க கேட்க மாட்டாங்க."

கேட்கவும் இல்லை. குழுத் தலைவி "பிரமாதம்" என்று எழுந்தே விட்டார். பேராசிரியரின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"மேடம், ஒரு நிமிஷம்."

அட்டையைச் செருகினாள். அலை அடங்காமல் ஆடியது. ஒயர்களைச் சேர்த்திருந்த கட்டை வெட்டி, அவற்றைப் பிரித்தாள். திரை சுடுகாடுபோல் தட்டையானது. அட்டையை எடுத்து ஒளியை விட்டாள். அப்போதும் தட்டைதான்.

தலைவி தாமே அட்டையை ஒருமுறை செருகிப் பார்த்தார். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க. ஆனா மாசக் கடைசியில அறையக் காலி பண்ணிடுங்க" என்றார்.

அவர்கள் போனதும், "என் வாயில மண்ணைப் போட்டுட்டியே!" என்று பேராசிரியர் அலறினார்.

"போட்டுட்டேன், சார். பொய்ய அளந்துட்டுப் போய் என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர், அலையைப் பற்றி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தாமே தட்டச்சு செய்தார். கையெழுத்திடும்போது காகிதம் மேசையில் நழுவியது.

அவள் அதை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.