பத்து நிமிசம் சத்தமில்லாத படம்

தியேட்டர் இருட்டில் ரோச் லைற் அடித்து ஆட்களைக் கதிரையில் இருத்துகிற தொழிலில் ஒரேயொரு வசதி உண்டு: சனம் திரையைப் பார்க்கும், நாங்கள் சனத்தைப் பார்க்கலாம். மற்றபடி தொல்லைதான். கால் வீங்கும். ஆரோ துப்பிய சுவிங்கம் செருப்பில் ஒட்டும். "தள்ளி நில்லணை, மறைக்குது" என்று பேரன் வயதுக்காரன் அதட்டுவான். பஸ் கொண்டக்டர்மார், பந்தியில் சோறு பரிமாறுகிறவர்கள், கடை வாசலில் காவல் நிற்பவர்கள், நின்றபடியே சீவியத்தை ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த வலி விளங்கும்.

எங்கள் தியேட்டர் மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே அந்த விண்வெளிச் சண்டைப் படத்தின் மூன்றாவதும் கடைசியுமான பாகம் தமிழ்க் குரலோடு வந்தது. முதல் பாகத்தில் இரும்புப் பூதங்கள் வானத்திலிருந்து இறங்கின. இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் அவற்றை அடித்துக் கலைத்தான். ஆனால் முடிவில் அவனுடைய கப்பலின் எஞ்சின் செத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே இழுபட்டுப் போய்விட்டான். அவன் திரும்பி வருவானோ என்று அறிய யாழ்ப்பாணம் இரண்டு வருசம் காத்திருந்தது. அதே இரண்டு வருசமாய் மயிலிட்டியில் ஒரு தாய், தன் மகன் வாய் திறப்பானோ என்று காத்திருந்தது எனக்கு முதல் நாள் தெரியாது.

நான் பொய்யன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இங்கே எழுதுவதில் முக்கால்வாசி உண்மை. எந்த முக்கால் என்று மட்டும் கேளாதேங்கோ.

செம்மண் கிரகம்

முதல் நாள், காலைக் காட்சி. கோப்பாயில் வெங்காயத் தோட்டம் செய்கிற கந்தையா அண்ணை வந்தார். பேரப்பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் வந்ததாகச் சொன்னார். பேரப்பிள்ளைகளைக் காணவில்லை.

திரை இருண்டது. பிறகு ஒரு கிரகம் மெல்ல மெல்ல எழும்பியது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் சிவப்பு. அதன் ஓரத்தில் சூரியன் உதிக்க, முன்வரிசைக்காரரின் முகமெல்லாம் சிவந்து போனது. இத்தனை வருசத்தில் நான் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. ரோச்சை அணைக்கவே மறந்துபோனேன். சனம் முழுக்க ஒன்றாய் மூச்சை இழுத்ததில் வாசல் சீலை உள்பக்கமாய்ப் பறந்தது. என் தோள் சால்வையும் கூடப் போய், பின்னேரம்தான் அகப்பட்டது. கந்தையா அண்ணை கதிரை நுனியில் கை கூப்பியபடி இருந்தார். இடைவேளையில், படம் எப்படி என்று கேட்டேன்.

"உது எங்கடை கோப்பாய்ச் செம்மண்ணெல்லே! உவ்வளவு மண்ணையும் வைச்சுக்கொண்டு உவங்கள் ஏன் ஆளையாள் சுடுறாங்கள்? ஆளுக்கொரு கிணத்தை வெட்டிப்போட்டு வெங்காயத்தை நடட்டும்."

கூரை எழும்பியது

இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டம். செத்த கப்பலுக்குள் கதாநாயகன் தனியே மிதக்கிறான். பாட்டில்லை, பேச்சில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. பத்து நிமிசம். படம் எடுத்தவன் வேண்டுமென்றே செய்த வேலை. அது எங்கள் சனத்துக்கு எப்படித் தெரியும்? எங்கள் தியேட்டரில் சத்தம் நின்றால் காரணம் ஒன்றுதான்: மேலே படம் ஓட்டுகிற ஒப்பரேற்றர் குணம் நித்திரை.

விசில் பறந்தது. "டேய் குணம், சத்தத்தை விடடா!" திடுக்கிட்டு எழும்பிய குணம், சத்தத் திருகியைத் திருகக்கூடிய மட்டும் திருகிவிட்டான். அப்போதும் சத்தமில்லை. பத்தாவது நிமிசம், திரையில் ஒரு சூரியன் வெடித்தது. கூரைத் தகரம் ஒரு சாண் எழும்பித் திரும்ப வந்து இருந்தது. பல்கனியில் இருந்தவர்களின் நெற்றித் திருநீறு கீழே இருந்தவர்களின் நெற்றிக்கு மாறியது. என் கட்டுப்பல் நாலாம் வரிசையில் கிடந்தது. சந்திக் கோயிலில் சிலையாய் நிற்கிற ஆஞ்சநேயரே தலையைத் திருப்பிப் பார்த்ததாக ஒரு கதை. நான் பார்க்கவில்லை, பார்த்தவன் சொன்னான், அவன் என்னைவிடப் பெரிய பொய்யன். புழுதி அடங்கிய பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும் குணம், இனி நீ படு!"

மூன்றாம் வரிசை

எல்லோரும் விசிலடித்த அந்த நேரத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு பொடியன் விசிலடிக்கவில்லை. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தபடி எழும்பி, ஆட்களின் முழங்காலில் இடறி இடறி வெளியே ஓடினான். பின்னாலே தாய். நானும் போனேன். பொடியன் சைக்கிள் விடுகிற இடத்தில், தண்ணீர்ப் பைப்பைத் திறந்து அதன் கீழே தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தாய் மயிலிட்டி இரத்தினக்கா. பொடியன் சீலன். இரண்டு வருசத்துக்கு முன்னம், கூட வாறவனுக்குக் காய்ச்சல் என்று, சீலன் தனியக் கடலுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. ஒன்பது நாள் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனான். பத்தாம் நாள் வேறொரு வள்ளம் கண்டு இழுத்து வந்தது. அதன் பிறகு கடலுக்குப் போவதில்லை. கடற்கரைப் பக்கமே திரும்புவதில்லை. சாப்பாடு, தண்ணி, ஓம், இல்லை, இந்த நாலைந்து சொல்லோடு சரி. அந்த ஒன்பது நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டொக்குத்தரிடமும் இல்லை, கோயிலிலும் இல்லை.

"வந்தது உடம்புதான் அண்ணை. பிள்ளை இன்னும் உந்தக் கடலிலைதான் எங்கையோ நிக்கிறான்."

நங்கூரம்

அடுத்த நாள் காலை வாசலில் ஒரு பலகை வைத்தேன்: 'இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிசம் சத்தம் வராது. ஒப்பரேற்றர் முழிப்பாய் இருக்கிறார்.' பலகையைத் தாண்டி இரத்தினக்காவும் சீலனும் வருகிறார்கள். நேற்றுப் பட்டது போதாதோ என்று கேட்டேன். "அவனேதான் கூப்பிட்டவன் அண்ணை" என்றார். அதே கதிரைகளைக் காட்டினேன்.

அன்றைக்குப் பின் வரிசையில் மயிலிட்டித் தொழிலாளர் ஒரு கூட்டம். கதாநாயகனின் கப்பலைக் கண்டதும் வாயைப் பிளந்தார்கள். முன் அணியத்தில் ஒருவன் பீடி பற்ற வைத்தால் பின் கடையாரில் நிற்பவனுக்குப் புகை வர ஒரு கிழமை செல்லும் என்று கணக்குப் போட்டார்கள். எஞ்சின் செத்த கட்டம் வந்தது. பகிடி நின்றது. கூட்டத்தில் மூத்தவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நங்கூரம் எங்கை? நங்கூரத்தைப் போட்டிட்டு இருந்தால் ஆராவது வந்து எடுப்பாங்களெல்லே. நங்கூரமில்லாமல் ஆரடா உவனை விட்டது?" என்று மெல்லக் கேட்டார். முன்னால் இருந்த சீலன் திரும்பினான். அவன் குரலை அந்தக் கூட்டம் இரண்டு வருசமாய்க் கேட்டதில்லை.

"நங்கூரம் எட்டாது பெரியப்பா. அடி இல்லை."

சொல்லிவிட்டு எழும்பி வெளியே போனான். முதல் நாளைவிட நாலு நிமிசம் கூட இருந்திருக்கிறான். நான் மணிக்கூடு பார்த்தேன்.

நாகம் வந்த பின்னேரம்

மூன்றாம் நாள் மத்தியானக் காட்சி. அந்தப் பத்து நிமிசம் தொடங்கியது. திரையில் முடிவில்லாத கறுப்பு. அதற்குள் அரிசிமணி அளவு ஒரு கப்பல். சனத்தில் ஒருவர்கூட இருமவில்லை. நான் ரோச்சை அணைத்துவிட்டு இரண்டு வரிசை பின்னால் நின்றேன். சீலன் எழும்பவில்லை. ஐந்து நிமிசம். ஆறு. பிறகு அவன் குரல்.

"அம்மா, இப்பிடித்தான் இருந்தது. உந்தச் சத்தமில்லாததுதான். காத்தும் இல்லை, அலையும் இல்லை. உன்னைக் கூப்பிட்டுப் பாத்தனான், என்ரை குரல் என்ரை காதுக்கே வரேல்லை."

இரத்தினக்கா திரும்பவில்லை, திரும்பினால் அவன் பேச்சு நின்றுவிடும் என்று பயந்திருக்கவேண்டும். திரையைப் பார்த்தபடியே, "பிறகு?" என்றார்.

"நாலாம் நாள் ஒரு கடற்குருவி வந்து எஞ்சினிலை இருந்தது. பசி. பிடிச்சுத் தின்னுவம் எண்டு கையை நீட்டிப்போட்டுத் திரும்ப இழுத்திட்டன். உதையும் திண்டால் நான் ஆரோடையம்மா கதைக்கிறது?"

சூரியன் வெடித்தது. பூதங்கள் உருகின. கதாநாயகன் வீட்டு வாசலில் வந்து இறங்க, சனம் எழும்பி நின்று கை தட்டியது. அதொன்றும் அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. ஒருவன் சொல்கிறான், ஒருத்தி "பிறகு?" என்கிறாள். படம் முடிந்தது, லைற் வந்தது, சனம் போனது, சொல்வது முடியவில்லை. திரைக்கு முன்னால் வாய் பிளந்த ஆயிரம் பேரை நான் பார்த்தவன். வெளிச்சத்தில் கண்ட அந்தத் தாயின் முகத்துக்கு முன்னால் சிவப்புக் கிரகம் ஒரு பொருட்டில்லை.

வெளியே பின்னேரக் காட்சிக்குக் கூட்டம் கதவை இடிக்கிறது. கால் மணித்தியாலத்தில் கூட்டித் துடைத்து ஆட்களை விடவேண்டும். நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: "உள்ளுக்கை நாகம்! ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம்." எத்தனை அடி என்றார்கள். ஆறு என்றேன். நம்பாதது போலத் தெரிந்தது, ஒன்பது என்றேன், நம்பினார்கள். அன்றைக்கும் வந்திருந்த கந்தையா அண்ணை, "அடிச்சுப்போடாதை, பாவம்! பால் வைச்சால் போயிடும்" என்று கடைக்கு ஓடிப் பால் பக்கற்றோடு வந்தார். குணம் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, நாகம் என்றதும் அறையைப் பூட்டிக்கொண்டான். முக்கால் மணித்தியாலம் அந்த நாகத்தை நான் எல்லா வரிசையிலும் ஊர விட்டேன்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. சீலன் என் தோளை ஒருதரம் பிடித்துவிட்டு, கூட்டத்தை விலத்திக்கொண்டு சைக்கிள் எடுக்கப் போனான். இரத்தினக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"ஆறாம் நாள் வரைக்கும் சொல்லிப்போட்டான் அண்ணை. மிச்சத்துக்கு நாளைக்கும் வாறம், அந்த ரெண்டு கதிரையையும் ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதேங்கோ."

அந்தப் படத்தின் சண்டையையும் வெடியையும் பாராட்டி எல்லோரும் எழுதிவிட்டார்கள், பத்து நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக ஒருவரும் ஒரு நல்ல சொல் எழுதவில்லை என்பதால், ஊரிலேயே வாயை மூடத் தெரியாத நான் இதை எழுதவேண்டியதாய்ப் போயிற்று.