கண்மாயில் விட்ட காலண்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன். சாமி காரியத்தில் குறுக்கே பேச நீ யாரடா என்று மனசு கேட்கும். வைத்துவிடுவேன். படிப்பும் எனக்கு எட்டாவதோடு சரி. ஆனால் போன ஐப்பசியில் ஒரு அச்சகக்காரர், என்னைப் பற்றி யாரோ சொன்ன கதையை நம்பி ஒரு காரியம் செய்து, நொந்துபோய் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குத் திருத்தங்கலில் காலண்டர் பட்டறை. அட்டையில் படம் ஒட்டி, மேலே தகரம் அடித்து, தேதித் தாள் கட்டைப் பொருத்தி அனுப்புவோம். முக்கால்வாசி சாமி படம்தான். முருகன், லட்சுமி, பிள்ளையார். ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்டால் மெக்கா, மாதா, குழந்தைப் படம், அருவிப் படம் எல்லாம் உண்டு. ஒட்டுகிற பெண்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வேனில் வருவார்கள். பாதிப் பேர் முன்பு பட்டாசு ஆலையில் இருந்தவர்கள். பசை நாற்றம் குமட்டினாலும் பரவாயில்லை, சாயந்திரம் முழு உடம்போடு வீட்டுக்குப் போகலாம் என்று இங்கே வந்தவர்கள்.

ஆடிப்பெருக்கில் மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடித்து, ஐப்பசியில் வேலை உச்சத்தில் இருக்கும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், மத்தியானம் கொட்டிய மழையில் பின்பக்கத்து ஓடை உடைத்துக்கொண்டு குடோனுக்குள் வந்துவிட்டது. மிஷினுக்குக் கீழே வைத்திருந்த கழிவு ஆயில் டின் கவிழ்ந்து அதுவும் தண்ணீரில் கலந்தது. முழங்காலளவு தண்ணீர். விடியும்போது வடிந்துவிட்டது. கட்டிவைத்திருந்த காலண்டர் கட்டுகள் அத்தனையும் ஊறிப்போய் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பேங்க் கடனுக்காக எடுத்த இன்சூரன்ஸ் இருந்தது. போன் செய்தேன். "எதையும் தொடாதீங்க சார். எங்க சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்து மதிப்பு போடுவார். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். இந்த வேலைக்கென்று மதுரையில் ஒரு இளைஞர் இருந்தார். இன்றைக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். நாளைக்கு என்பார். ஊரெல்லாம் மழைச் சேதம், அவருக்கு எங்கே திரும்பினாலும் இதே அழைப்புதான். இருந்தாலும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒட்டுகிற கூடத்துக்குக் குடோன் வழியாகத்தான் போகவேண்டும். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அதனால் சரிந்து கிடந்த படங்களைத் தாண்டித் தாண்டி எல்லாரும் நடந்தார்கள். தாண்ட முடியாதவர்கள் மிதித்தார்கள். முருகன் முகத்தில் செருப்புத் தடம். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்ற வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"லட்சுமியை மிதிச்சுக்கிட்டு லாபம் பாக்கவா கடை வச்சிருக்கீக?" என்றாள்.

"சர்வேயர் வர்ற வரைக்கும் தொடக்கூடாதாம்."

"அவரு வீட்டுச் சாமி படம் இப்படிக் கெடந்தா அவரு தொடாம இருப்பாரா? போன் போட்டுக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. எனக்கும் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்பதுதான் உண்மை. கிழிந்த சாமி படத்தைக்கூடக் குப்பையில் போடாமல் ஓடும் தண்ணீரில் விடுகிற வீட்டில் பிறந்தவன் நான். பக்கத்து ஓடையில் சாக்கடை கலந்திருந்தது, அதில் விட மனசில்லை. என் மனைவியின் சொந்த ஊர் ஆமத்தூரைத் தாண்டி இருக்கிறது. அங்கே கண்மாய் நிறைந்து கிடந்தது. லோடு ஆட்டோ பிடித்து, கட்டுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அத்தனையையும் கொண்டுபோய் விட்டோம். மெக்காவையும் மாதாவையும் சேர்த்துத்தான். யாராயிருந்தாலும் சாமிதானே. குழந்தைப் படமும் அருவிப் படமும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அதோடு விட்டோமா? குடோனை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுவரில் படிந்திருந்த கறுப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்து, வாசலில் கோலமும் போட்டாயிற்று.

மறுநாள் அந்த இளைஞர் வந்தார். சாம்பிராணி வாசனையோடு பளிச்சென்று இருந்த குடோனில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சேதமான சரக்கு எங்க சார்?"

"கண்மாயில விட்டுட்டோம்."

"எதுல?"

"கண்மாயில. சாமி படம் பாருங்க, அதனால."

என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தாரா, பைத்தியம் என்று நினைத்தாரா தெரியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "சரக்கைப் பார்க்காம நான் எதையும் எழுத முடியாது சார்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அன்றைக்கு வேன் ஏறும்போது ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, பட்டறையை மூடிருவீகளா? மூடுறதுன்னா இப்பவே சொல்லிருங்க. நாங்க திரும்ப மருந்து வேலைக்குத்தான் போகணும். சீசன் முடிஞ்சா அங்கயும் எடுக்க மாட்டாக" என்றாள். மருந்து என்றால் வெடிமருந்து. அவளுடைய அக்கா அது வெடித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். இன்சூரன்ஸ் வராவிட்டால் புதுப் பேப்பர் வாங்க வழியில்லை, பேங்க்காரர்கள் ஷட்டருக்குப் பூட்டுப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நம் சார்பில் சேதத்தை மதிப்பிட்டுக் கொடுக்க நாமே ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் சொன்னார். விருதுநகரில் அப்படி ஒருவர் இருந்தார். இதே வேலையில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். கூலி பேசி அமர்த்தினேன். நல்ல நேரம் பார்த்து வரச்சொன்னேன், அவர் ராகு காலத்தில் வந்து இறங்கினார். பஸ் அப்போதுதான் வந்ததாம். சர்க்கரையில்லாத காபி கேட்டார். கொடுத்தால் ஆறிப்போனது என்றார். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்தது என்றார்.

பேப்பர் வாங்கிய பில், ஆர்டர் எல்லாம் பார்த்தார். "சரக்கு இருந்திருக்கு. அது சரி. நனைஞ்சதுக்கு என்ன இருக்கு?"

"ஊரே பாத்துச்சுங்க."

"ஊரு வந்து கையெழுத்துப் போடுமா? தண்ணி நின்ன கோடு சுவத்துல இருக்குமே, எங்க?"

"வெள்ளிக்கிழமைன்னு கழுவிட்டோம்."

"ஒரு போட்டோ?"

"சாமி அலங்கோலமா கெடக்கையில எப்படிங்க போட்டோ எடுக்குறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீப்பிடிச்சு எரிஞ்சவன்கூட கரியை வச்சிருப்பான் அண்ணாச்சி. நீங்க கரியையும் கரைச்சுட்டுல்ல வந்திருக்கீக. இம்புட்டு வருசத்துல திருடனைப் பாத்திருக்கேன், பொய்யனைப் பாத்திருக்கேன். பக்திமானை இப்பத்தான் பாக்கேன். இதுக்கு அவனுகளே தேவலை."

என் மனைவி உள்ளேயிருந்து, "அவருக்கு அந்தக் காபியும் பிடிக்கலையாம்" என்று எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துச் சொன்னாள். அவருக்கும் கேட்டது.

என்னால் ஆகாது என்று அவர் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்து இறங்கினார் என் மனைவியின் சித்தப்பா. கண்மாய்க்குக் கீழே அவருக்கு நஞ்சை இருக்கிறது. இடுப்பு வரைக்கும் சேறு. நான் வாங்க மாமா என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, ஒங்களுக்கு வேற கண்மாயே கெடைக்கலையா? ஒங்க சாமி அம்புட்டும் எங்க மடையில வந்து அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பொட்டுத் தண்ணி எறங்கல. நாத்து காயுது. காலையில இருந்து நானும் ரெண்டு பேரும் முங்கி முங்கி இழுத்துப் போட்டிருக்கோம். முருகன் காலைப் பிடிச்சு இழுத்த பாவமெல்லாம் எனக்கா ஒங்களுக்கா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இழுத்து எங்கன போட்டீக?"

"கரையில. வேற எங்கன? ஒடனே வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க இவுகளை."

"அள்ளக்கூடாது. ஒண்ணையும் தொடக்கூடாது."

"யாருய்யா நீரு?" என்றார் மாமா.

மூன்று பேருமாக ஆமத்தூர்ப் பக்கம் போனோம். வழியெல்லாம் மாமா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தால், கரையில் வேப்பமரத்தடியில் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சாமியாயிற்றே, அவர்களுக்கும் தூக்கி எறியக் கை வரவில்லை. அதற்குள் யாரோ செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். களையெடுக்கப் போகிற பெண்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உண்டியலே வைத்திருப்பார்கள்.

விருதுநகர்க்காரர் ஒரு கட்டைப் பிரிக்கக் கை வைத்தார். "செருப்பைக் கழட்டிட்டுத் தொடுய்யா" என்று மாமா அதட்டினார். கழற்றினார். கட்டைப் பக்கவாட்டில் திருப்பி வெயிலில் காட்டினார். கண்மாய்ச் சேறு கழுவினால் போயிற்று. அதற்குக் கீழே அட்டைகளின் ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு கோடு, போகவே இல்லை. முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். மிஷின் ஆயில்.

"ஒங்க வீட்டம்மா சுவத்துல தொடைச்ச கோடு இங்கன இருக்கு அண்ணாச்சி. கண்மாயில ஏது ஆயிலு?" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம்தான்.

மதுரை இளைஞரை மறுபடி வரவழைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். அதுவரை மாமா தினமும் போன் செய்து, "ஒங்க சாமிக்கு நான் எம்புட்டு நாளு காவலிருக்க? ஆடு வந்து ராத்திரி அட்டையத் திங்குது" என்பார். ஒருவழியாக இளைஞர் வந்தார். பார்த்துவிட்டு, "இது வெள்ளத்துல நனைஞ்சதா, கண்மாயில நனைஞ்சதான்னு எப்படி சார் சொல்றது?" என்றார்.

"தம்பி, சீசன் நேரத்துல நல்ல காலண்டரை எவனாவது கண்மாயில கொண்டுபோய்ப் போடுவானா?" என்று கேட்டார் எங்கள் ஆள். பிறகு ஆயில் கோட்டைக் காட்டினார். பட்டறைக்குக் கூட்டி வந்து கழிவு ஆயில் டின்னைத் திறந்து முகரவைத்தார். இளைஞர் நல்லவர். மறுபடி கரைக்கு வந்து கட்டுகளைப் பிரித்து எண்ணப் போனபோது ஊர்க்காரர்கள் சாமியைப் பிரிக்கக்கூடாது என்று விடவில்லை. டேப்பை வைத்துக் கனத்தை அளந்து கணக்குப் போட்டார். செருப்பில்லாமல் முள்ளுக்காட்டில் நின்று போட்டார். கரைந்தது போக மடையில் சிக்கியது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் எழுத முடியும் என்றார். சரி என்றேன்.

பணம் பாதிதான், அதுவும் தை பிறந்துதான் வந்தது. தை பிறந்த பிறகு காலண்டரை யார் கேட்பார்கள்? அந்த வருஷம் பாதி ஆர்டர் வேறு பட்டறைகளுக்குப் போய்விட்டது. ஆனால் பணம் வரும் என்று எழுத்தில் இருந்ததால் பேப்பர் கடனுக்குக் கிடைத்தது, பேங்க்காரர்கள் பூட்டோடு வரவில்லை. வேன் நிற்கவில்லை. மருந்து வேலைக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் எங்களிடம்தான் தகரம் அடிக்கிறாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் கதை வேறாகிவிட்டது. சாமியே தண்ணீரில் மிதந்து வந்து சாட்சி சொன்னார் என்றார்கள். முருகன் முகம் மட்டும் நனையவே இல்லை என்றார்கள். இல்லை என்று சொன்னால் சாமியை மறுக்கிற மாதிரி இருக்கிறது. ஆமாம் என்றால் பொய். அவர் அருள் இல்லாமல் நான் பிழைக்கவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மடையை அடைத்தது ஊறிய அட்டை. அதை இழுத்துப் போட்டது மாமா. இத்தனை வருஷம் எதையும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன ஐப்பசியில் வந்தாரே, அந்த அச்சகக்காரர். அவர் கடையிலும் வெள்ளம். என் கதையைக் கேட்டிருந்ததால், சாமி பார்த்துக்கொள்வார் என்று நனைந்த படங்களை அன்றைக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டார். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாள்கூட மிச்சமில்லை. "ஒங்களுக்கு மிதந்து வந்தாரே அண்ணாச்சி, எனக்கு ஏன் வரலை? நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. விருதுநகர்க்காரர் இப்போது உயிரோடு இல்லை, அவரிடம் அனுப்பவும் வழியில்லை.

நனைந்த சாமியை விடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு பலகை மேல் அடுக்கி, துணி போட்டு மூடி, பக்கத்தில் விளக்கு வையுங்கள். யாரும் மிதிக்க மாட்டார்கள். சாமியும் கோபிக்க மாட்டார். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்தவர்கள், கடை கண்ணி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மாமா என்னைத் திட்டியதைச் சேர்த்தே சொல்லுங்கள். ஆயில் கோட்டை விட்டுவிடாதீர்கள். பாதிதான் வந்தது, அதுவும் தை மாதம் வந்தது என்பதையும் சொல்லுங்கள். மிதந்து வந்தார் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.