நான்காவதாக வந்தவர்

அண்ணாவின் மரண அறிவித்தலை இணையத்தில் வாசித்தவர்களும் வானொலியில் கேட்டவர்களும் முதலில் ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். "ஆசியப் பதக்கம் வென்ற முப்பாய்ச்சல் வீரர்" என்று அதில் இருந்தது. சாவு சிட்னியில் நடந்தால் அறிவித்தலைக் கனடாவில் இருப்பவர்கள் எழுதுவது எங்கள் குடும்ப வழக்கம். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் அது உலகம் முழுவதும் போய்விடும். எழுதிய ஒன்றுவிட்ட தம்பிமார் பாசத்தில்தான் எழுதினார்கள். ஆனால் அண்ணா பதக்கம் வெல்லவில்லை. நான்காவதாக வந்தார். இந்த நினைவு மலரிலும் அந்தப் பிழை அச்சேறினால் அவர் வாழ்ந்த வாழ்வுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். ஆகவே தங்கையாகிய நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், தபால் கந்தோர் ஊழியரான எங்கள் ஐயாவுக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் பாய்ந்து விழ மணல்கிடங்கு இருக்கவில்லை. கடற்கரையில் பாய்ந்து பழகினார். முப்பாய்ச்சல் என்பது ஓடிவந்து பலகையில் மிதித்து, மிதித்த காலிலேயே விழுந்து, அங்கிருந்து மற்றக் காலுக்குத் தாவி, கடைசியாக மணலுக்குள் பாய்வது. அந்தக் காலச் சட்டப்படி, இடையில் தொங்கிவரும் கால் நிலத்தில் முட்டினால் பாய்ச்சல் செல்லாது.

வெளிநாட்டுத் தடகளப் போட்டிகளுக்கு எங்கள் நாடு ஆள் அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. அண்ணா இரவல் வாங்கிய ஆணிச் சப்பாத்தோடு ஆசியப் போட்டிக்குப் போனார். பதக்கத்தோடு திரும்பினால் கொழும்பில் அரசாங்க வேலை என்று ஒரு பெரிய அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் நாங்கள் எல்லோரும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தோம்.

கடைசிப் பாய்ச்சல் செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடி தூக்கினார். அளந்தார்கள். மூன்றாமிடம். கூடப் போனவர் ஒருவர் சந்தோஷத்தில் உடனே ஊருக்குத் தந்தி அடித்துவிட்டார். அண்ணாவோ நேரே நடுவரிடம் போய், இடது கால் நிலத்தில் உரசியதைச் சொன்னார். நடுவர் நம்பவில்லை. அண்ணா அவரைக் கூட்டிக்கொண்டுபோய், சாம்பல் பரப்பிய ஓடுபாதையில் இருந்த கீறலைக் காட்டினார். சிவப்புக் கொடி ஏறியது. முந்திய பாய்ச்சலின்படி நான்காமிடம்.

தந்தியை நம்பி ஐயா மேளத்தோடும் மாலையோடும் கொடிகாமம் ஸ்டேசனுக்குப் போயிருந்தார். அண்ணா ரயிலால் இறங்கியதும், "மாலை போடாதேங்கோ ஐயா. நான் நாலாவது" என்றார். நாதஸ்வரம் நடுவில் நின்றது.

"சொல்லுறதெண்டால் வீட்டை வந்து சொல்லியிருக்கலாமே மோனை. மேளகாரர் இவ்வளவு தூரம் வந்திட்டினம்" என்று ஐயா தலையில் கைவைத்தார்.

வீட்டில் அம்மாதான், "நாலாவதா வந்தவனும் பாயாசம் குடிக்கலாம். எல்லாரும் இருங்கோ" என்றார்.

வேலை போனது போனதுதான். அண்ணா பல வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. "ஒருத்தரும் காணேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு வந்திருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ரை காலுக்குத் தெரியுமே" என்றார்.

நாட்டில் நடந்த சண்டை எங்களை ஊர் ஊராகத் துரத்தியபோதும் அவர் அதே ஆள்தான். பிறகு அவருடைய பிள்ளைகள் எங்களைச் சிட்னிக்கு அழைத்தார்கள். அண்ணா மெரிலேண்ட்ஸில் குடியிருந்து, செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சனிக்கிழமைகளில் சிறுவர் தடகளத்தில் மணல்கிடங்கு நடுவராகக் கொடி பிடித்தார். தமிழ்நாட்டுத் தாய் ஒருவர், மகளுக்குச் சிவப்புக் கொடி ஏறியதும் சண்டைக்கே வந்துவிட்டார்.

"அங்கிள், சின்னப் பொண்ணுதானே. கண்டுக்காம விட்டுடுங்களேன்."

"விட்டால் நாளைக்கும் பலகையைத் தாண்டித்தான் மிதிப்பா, பிள்ளை. கொஞ்சம் பின்னுக்கு நிண்டு ஓடிவரச் சொல்லுங்கோ."

கன நாள் அந்தத் தாய் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முப்பாய்ச்சல் சட்டம் எப்போதோ மாறிவிட்டது என்பதை அண்ணாவின் மூத்த மகன் ஒருநாள் போனில் பார்த்துவிட்டுத் துள்ளினார். "அப்பா, இப்ப கால் முட்டினால் ஃபவுல் இல்லையாம். யூ ஆர் தேர்ட்!"

"எனக்குத் தெரியும் தம்பி. கால் உரசிற பிள்ளையளுக்கு நான் வெள்ளைதானே தூக்கிறன். ஆனால் நான் பாஞ்சது பழைய சட்டத்தில" என்றார் அண்ணா. அவ்வளவோடு அந்தக் கதை முடிந்தது.

கடைசியாகப் பாரிசவாதம் வந்தது. இடது காலைத்தான் பிடித்தது. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நான் அவரைப் பிடித்து நடத்தும்போது, அந்தக் கால் தரையில் இழுபட்டது. அண்ணா குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, கால் முட்டுது. சிவப்பு" என்று சிரித்தபடி கதிரையில் இருக்கப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சட்டம் மாறிட்டுதெல்லே அண்ணா? இப்ப நடக்கிறது புதுச் சட்டத்தில. இது செல்லும், நடவுங்கோ" என்றேன்.

"ஓம், அது சரி" என்று சொல்லி ஜன்னல் வரைக்கும் நடந்தார். அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

அவரைத் தூக்கிக் கிடத்திய தாதியருக்கும், கிரியைகளை முறையாகச் செய்வித்த குருக்களுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாவோடு சண்டை பிடித்த அந்தத் தமிழ்நாட்டுத் தாய்தான் ஆஸ்பத்திரிக்கு நாள்தவறாமல் ரசம் கொண்டுவந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அறிவித்தல் எழுதிய கனடாத் தம்பிமாருக்கும் நன்றி. பிரதி எடுத்து வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

இறுதிச் சடங்கன்று, முன்பு சிவப்புக் கொடி வாங்கிய அந்தத் தாயின் மகள் மைதானத்திலிருந்து அண்ணாவின் வெள்ளைக் கொடியைக் கொண்டுவந்து அவருடைய இடது காலடியில் வைத்தாள். அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.